‘மேட் மென்’ ஆபீஸும் நம் கோலாலம்பூர் ஆபீஸும்: காலியான நாற்காலியில் உட்கார்ந்தது யார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1960-களின் நியூயார்க்கில் ஸ்டெர்லிங் கூப்பர் என்ற விளம்பர நிறுவனத்தில் நடக்கும் ‘மேட் மென்’ தொடரை நீங்கள் முழுதாகப் பார்த்து முடித்திருக்கிறீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் கூடிப் பேசும் உங்கள் நண்பர்களில் பாதிப் பேர் ‘இதெல்லாம் மிகை, எந்த ஆபீஸிலும் இப்படி நடந்திருக்காது’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்று முடித்துவிடுகிறார்கள். அதே காலத்தில் கோலாலம்பூர் ஆபீஸ்கள் எப்படி இருந்தன, தொடரில் செயலாளராகச் சேர்ந்து விளம்பர எழுத்தாளராகும் பெக்கி ஓல்சன் மாதிரி ஒரு டைப்பிஸ்ட் இங்கே மேலே வந்திருக்க முடியுமா, ஆபீஸை நிர்வகிக்கும் ஜோன் ஒரு கார் விளம்பரத்துக்காகச் செய்தது சரியா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஓர் ஆபீஸின் பழக்கவழக்கம் எப்படி மாறுகிறது? அதை மாற்றுவது யார்?

நான் 1970-களின் கடைசியில் கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். சில ஆண்டுகளில் பணியாளர் பிரிவுக்கு மாறினேன். அந்தப் பிரிவுக்கு மனிதவளம் என்று பெயர் வந்த பிறகும் ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். ஆகவே தொடர் காட்டும் 1960-களை நான் நேரில் கண்டவள் இல்லை. அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றவள், அவர்களுடைய பழைய கோப்புகளையும் சம்பளப் பேரேடுகளையும் புரட்டியவள். நியூயார்க் பற்றி நான் சொல்வது தொடரிலிருந்தும் பதிவான வரலாற்றிலிருந்தும் வருவது. கோலாலம்பூர் பற்றிச் சொல்வதில் பாதி அனுபவம். தோட்டத்து ஆபீஸ், துறைமுகம், ரயில்வே பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, அங்கே கதை வேறு.

முதலில் ‘மிகை’ என்பவர்களுக்கு. மேத்யூ வெய்னர் உருவாக்கிய இந்தத் தொடர் 2007 முதல் 2015 வரை ஏஎம்சி தொலைக்காட்சியில் 7 பருவங்கள், 92 பகுதிகளாக ஓடியது. கதை 1960 மார்ச்சில் தொடங்கி 1970 நவம்பரில் முடிகிறது. பொருள்களில் சின்னச் சின்னப் பிசகுகள் உண்டு. 1960-ல் நடக்கும் முதல் பருவத்திலேயே மேசைகளில் ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சு இயந்திரம் இருக்கிறது, அது விற்பனைக்கு வந்தது 1961 ஜூலையில். லக்கி ஸ்டிரைக் சிகரெட்டுக்கு ‘வறுக்கப்பட்டது’ என்ற வாசகத்தை நாயகன் டிரேப்பர் அந்த இடத்திலேயே யோசித்துச் சொல்வதாகக் காட்டுகிறார்கள், உண்மையில் அது 1917-லிருந்தே அந்த சிகரெட்டின் வாசகம். ஆனால் மிகை என்று நாம் நினைக்கக்கூடிய ஒரு காட்சி அப்படியே நடந்தது. ஐந்தாம் பருவத் தொடக்கத்தில் வேறொரு விளம்பர நிறுவனத்தின் ஆட்கள் மாடியிலிருந்து கறுப்பினப் போராட்டக்காரர்கள் மீது தண்ணீர்ப் பைகளை வீசுகிறார்கள். அது 1966 மே மாதம் நியூயார்க்கின் விளம்பர நிறுவனத் தெருவான மேடிசன் அவென்யூவில் நடந்து செய்தித்தாளிலும் வந்தது. காட்சியின் வசனங்கள்கூட அந்தச் செய்தியிலிருந்து எடுத்தவைதான். குடி, சிகரெட், பெண்கள் பற்றிய பேச்சு எந்த அளவு என்பதில் அந்தக் காலத்து விளம்பரக்காரர்களே ஒத்துப்போகவில்லை. ஜெரி டெல்லா ஃபெமினா அப்படித்தான் இருந்தது என்றார். ஜார்ஜ் லோயிஸ் தன் தலைமுறையை இழிவுபடுத்தும் தொடர் என்று கோபப்பட்டார். இருவரும் வேறு வேறு ஆபீஸ்களில் இருந்தவர்கள், இரண்டு பேரும் தாங்கள் கண்டதைச் சொல்லியிருக்கலாம். அதனால் மதுவின் அளவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நம் ஊரில் மது ஆபீஸ் அலமாரியில் இருந்ததாக மூத்தவர்கள் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அது கிளப்பில் இருந்தது. இன்றைய டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் 1884-ல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பில் லாங் பார் என்று ஒன்று உண்டு, ஆண்களுக்கு மட்டும் என்று பேர்போன இடம். ஆபீஸில் மாலை வரை முடிவாகாத விஷயம் மறுநாள் காலை முடிவாகி வந்துவிடும். எங்கே முடிவானது என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணாக இருப்பவர் திறமையில் எவ்வளவு முன்னால் இருந்தாலும், முடிவெடுக்கும் அந்த மேசைக்கே போக முடியாது. தொடரில் ஆண்கள் வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு இரவு வெளியே போகும்போது பெக்கி ஆபீஸில் தனியாக இருக்கிறாளே, அந்தக் காட்சிகளின் வலி இந்த ஊரில் வேலை செய்த பெண்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

இனி பெக்கியைப் பற்றி. ரசிகர்கள் பலர் அவளைத் திறமையால் மட்டுமே உயர்ந்தவளாகப் பார்க்கிறார்கள். திறமை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அவள் ஏறிய ஒவ்வொரு படியையும் கூர்ந்து பாருங்கள். முதல் பருவத்தின் கடைசியில் டிரேப்பர் அவளை இளநிலை எழுத்தாளராக்குகிறார். அப்போது வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் இளைஞன் பீட் கேம்பெல் தன் மாமனார் மூலம் கொண்டுவந்த விளம்பரத்தை வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். அந்த வேலையை நேற்றுவரை செயலாளராக இருந்த பெண்ணிடம் கொடுப்பது அவனை மட்டம் தட்டுவதற்கும் உதவியது என்பது என் வாசிப்பு. இதை நிரூபிக்க முடியாது, ஆனால் டிரேப்பரின் முகத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அடுத்தது சந்தேகத்துக்கு இடமில்லாதது. இரண்டாம் பருவத்தில் மூத்த எழுத்தாளர் ஃப்ரெடி ரம்சன் குடிபோதையில் அவமானப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார், அவர் பார்த்த வேலைகள் பெக்கிக்கு வருகின்றன. அதுவரை அவளுடைய அறையில் என்ன இருந்தது தெரியுமா? ஜெராக்ஸ் இயந்திரம். ஏறக்குறைய 300 கிலோ எடையுள்ள ஜெராக்ஸ் 914-ஐ எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் அவளுடைய அறையில் தள்ளிவிட்டார்கள். நகல் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் அவளுடைய மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃப்ரெடியின் அறை காலியாகிக் கிடப்பதை அவள் பார்க்கிறாள், நேராக முதலாளிகளில் ஒருவரான ரோஜர் ஸ்டெர்லிங்கிடம் போய் அந்த அறையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கிறாள், கிடைக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் கேட்கத் தயங்கியதை அவள் கேட்டுவிட்டதில் ரோஜருக்கே வியப்பு.

ஒரு நாற்காலி காலியாக வேண்டும், அதைக் கேட்க ஒருவருக்குத் துணிவு வேண்டும், அந்தத் துணிவுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு காகிதம், ஒரு சட்டமோ ஒரு விதியோ, கையில் வேண்டும். இந்த மூன்றும் ஒரே சமயத்தில் சேர்ந்த இடத்தில்தான் ஆபீஸ் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளிகள் மனம் திருந்தி மாற்றியதாக ஒரு கோப்பும் என் கையில் வந்ததில்லை.

துணிவில்லாமல் போனால், அல்லது கேட்கலாம் என்ற எண்ணமே வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜோன்தான் சாட்சி. இரண்டாம் பருவத்தில் ஹாரி கிரேனின் தொலைக்காட்சிப் பிரிவுக்கு ஆள் பற்றாக்குறை. விளம்பரம் வரும் நாடகங்களின் ஸ்கிரிப்டுகளை முன்கூட்டியே படித்து, பொருளுக்குப் பாதகமான காட்சி ஏதும் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஜோன் அந்த வேலையைத் தற்காலிகமாகச் செய்கிறாள், ஆசையாகச் செய்கிறாள், வாடிக்கையாளர்கள் முன்னால் பேசி அசத்துகிறாள். வேலை பலித்ததும் அதற்கென்று நிரந்தரப் பதவி உருவாகிறது. அதில் ஓர் ஆண்பிள்ளையைக் கொண்டுவந்து, இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு என்கிறார்கள். ஹாரி கெட்டவன் இல்லை. அவளைக் கேட்கலாம் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. அன்று இரவு ஜோன் வீட்டில் தனியாக உட்கார்ந்து, உள்ளாடைப் பட்டை தோளில் அழுத்திய சிவப்புத் தடத்தைத் தடவிவிட்டுக்கொள்கிறாள். வசனமே கிடையாது. இந்தத் தொடரில் எனக்கு மிக உண்மையாகப் பட்ட காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் வானொலி விளம்பர நேரங்களைப் பதிவு செய்யும் தாள்களை நிரப்புவது ஒரு மூத்த அக்காவின் வேலை. பதவிப் பெயர் என்னவோ டெலிபோன் ஆபரேட்டர்தான். தமிழ் ஒலிபரப்பில் எந்த நேரத்தில் எந்தப் பொருள் எடுபடும் என்பது அவருக்கு மனப்பாடம். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் விடியற்காலை நேரத்தில் தோட்டத்துப் பெண்கள் கையில் வேலை இருக்கும், காது மட்டும்தான் சும்மா இருக்கும், அப்போது பேரும் விலையும் மட்டும் போதும், கதை வேண்டாம் என்பார். ரப்பர்ப் பாலை எடைபோட்டுக் கொடுத்து வீடு திரும்பிய பிறகுதான் உட்கார்ந்து கேட்பார்கள், நீளமான விளம்பரம் அப்போது போடலாம் என்பார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் புடவைக் கடைகளும் நகைக்கடைகளும் அடித்துக்கொள்ளும்போது, யாருக்கு எந்த நேரம் என்று சண்டை வராமல் பிரித்துக் கொடுத்தவர் அவர். பிறகு ‘மீடியா எக்ஸிகியூட்டிவ்’ என்று ஒரு பதவி வந்தது, பட்டதாரி இளைஞர் ஒருவர் வந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். இளைஞரின் முதல் மாதச் சம்பளம் அக்காவுடையதைவிட அதிகம். பேரேட்டில் அதை நான் பிற்பாடு பார்த்தேன். அன்றைக்கு இதை யாரும் அநியாயம் என்று பேசவில்லை, அக்காவும் பேசவில்லை. இன்றைக்கு எனக்கு அதுதான் ஆறாமல் இருக்கிறது.

சட்டத்துக்கு வருகிறேன். மூன்றாம் பருவத்தில் பெக்கி டிரேப்பரிடம் சம்பள உயர்வு கேட்கும்போது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று புதிய சட்டம் வந்திருப்பதைச் சொல்கிறாள். அமெரிக்காவில் அந்தச் சட்டம் கையெழுத்தானது 1963 ஜூனில். டிரேப்பர் இப்போது முடியாது என்று சொல்லிவிடுகிறார். சட்டம் வந்த மறுநாள் சம்பளம் உயராது. ஆனால் அவள் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. நம் நாட்டில் இந்தச் சண்டையை முதலில் போட்டவர்கள் ஆசிரியைகள். மலாயாவில் பெண் ஆசிரியர்களுக்கென்று 1960-ல் தனிச் சங்கம் உருவானபோது அதன் தலைவராக நின்றவர் ராசம்மா பூபாலன், ஈப்போவில் பிறந்தவர், பதின்ம வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அரசாங்க வேலையில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொண்டால் நிரந்தரப் பதவி போய்த் தற்காலிக ஊழியராகிவிடுவார். சம்பளத்திலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் விடாமல் கேட்டுத்தான் 1960-களின் கடைசியில் அரசு ஊழியத்தில் சம ஊதியம் வந்தது. அதாவது, பெக்கி கேட்ட காலமும் நம் ஆசிரியைகள் கேட்ட காலமும் ஒன்றுதான். நாம் பின்தங்கி இருந்தோம் என்று உங்கள் நண்பர்கள் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இது அரசாங்க வேலைக்கு. தனியார் ஆபீஸில் இந்தக் கணக்குச் செல்லவில்லை. சமவேலைக்குச் சம ஊதியம் பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 100-ஆம் உடன்படிக்கையை மலேசியா ஏற்றது 1997-ல்தான். அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவில், பாலினத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்ற சொல் சேர்ந்தது 2001-ல். பணியாளர் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சொல் இல்லாத காலத்தில் ஒரு பெண் என்னிடம் வந்து முறையிட்டால், எந்தத் தாளைக் காட்டி மேலிடத்தில் பேசுவது என்று எனக்கே தெரியாது. நியாயம் என்று பேசிப் பார்ப்பேன். நியாயத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், கோப்பு நகராது.

நம் ஊரில் நாற்காலிகள் காலியான கதைதான் நியூயார்க்கிலிருந்து முற்றிலும் வேறு. மூன்றாம் பருவத்தில் ஒரு சின்ன விஷயம் வரும், நிறையப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். ஸ்டெர்லிங் கூப்பர் நிறுவனத்தை வாங்கிய பிரிட்டிஷ் முதலாளிகள், அதைச் சீர்படுத்த அனுப்பிய லேன் பிரைஸை, நன்றாகச் செய்தாய், இனி பம்பாய்க்குப் போ என்கிறார்கள். கையில் பரிசாக ஒரு கூடைக்குள் பாடம் செய்த நாகப்பாம்பு. எனக்கு அதைப் பார்த்தபோது ஆபீஸில் மூத்தவர்கள் சொன்ன வெள்ளைக்கார மேனேஜர்கள் நினைவுக்கு வந்தார்கள். பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று சுற்றில் வருவார்கள், சில ஆண்டு இருப்பார்கள், அடுத்த ஊருக்குப் போவார்கள். அவர் போனால் இன்னொரு வெள்ளைக்காரர் வருவார். நாற்காலி ஒருநாளும் காலியாகாது. கீழே பெரிய கிராணியாராக (தலைமை எழுத்தராக) இருபது வருஷம் உட்கார்ந்திருக்கும் தமிழருக்கோ, யாழ்ப்பாணத்தாருக்கோ, சீனருக்கோ அது எட்டாது.

1957-ல் சுதந்திரம் கிடைத்த பிறகு அரசாங்க ஆபீஸ்களில் வெள்ளை அதிகாரிகள் படிப்படியாக வெளியேறினார்கள், 1960-களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான இடங்களில் உள்ளூர்க்காரர் வந்துவிட்டார். தனியார் கம்பெனிகளில் அப்படி நடக்கவில்லை. அங்கே கதவைத் தள்ளித் திறந்தது 1968-ன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்ற நிலையும், 1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையும்தான். 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப் பொழுதுக்குள் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரி மலேசியாவின் கைக்கு வந்தது, அத்தோடு துரைமார்களின் காலம் முடிந்தது என்றே சொல்லலாம். இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஆனால் பாதியோடு நிறுத்த முடியாது. மேனேஜரின் நாற்காலியை அசைத்த அதே வேலை அனுமதிச் சட்டம்தான், சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டத்திலும் நகராட்சியிலும் உழைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தமிழர்களின் வேலையையும் பறித்தது. துரைக்குக் கம்பெனி கப்பல் டிக்கெட்டும் அடுத்த ஊரில் பதவியும் கொடுத்தது. நம் ஆட்கள் பிறந்த பிள்ளைகளையும் கட்டிய வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். ஆபீஸ் கலாச்சாரம் மாறியது என்று பேசும்போது இவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொடரில் நிறத்தைப் பற்றிய பகுதி மெலிந்தது என்று விமர்சனம் உண்டு, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டிய அளவில் சரியாகக் காட்டியிருக்கிறார்கள். தண்ணீர்ப் பை வீசிய அந்தப் போட்டி நிறுவனத்தைக் கேலி செய்யப்போய், ‘நாங்கள் எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுப்பவர்கள்’ என்று ஸ்டெர்லிங் ஆட்கள் பத்திரிகையில் போட்ட விளம்பரத்தை நம்பிக் கறுப்பின மக்கள் வந்து வரவேற்பறையில் நிறைகிறார்கள். லேன் பிரைஸ் வந்து, செயலாளர் வேலை மட்டும்தான் இருக்கிறது, ஆண்கள் போகலாம் என்கிறார். அப்படித்தான் முதல் கறுப்பினச் செயலாளர் டான் சேம்பர்ஸ் வேலைக்கு வருகிறாள். (நாயகனின் முதல் பெயரும் இவள் பெயரும் தமிழில் ‘டான்’ என்றே வந்துவிடுவதால்தான் அவரை டிரேப்பர் என்றே எழுதுகிறேன்.) ஏழாம் பருவத்தில், அவளை வரவேற்பு மேசையில் வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று முதியவர் பெர்ட் கூப்பர் தயங்க, ஜோன் அவளைப் பணியாளர் பிரிவின் தலைவியாக்கிவிடுகிறாள். முன்னால் தெரியக்கூடாது என்பதற்காக மேலே ஏற்றப்பட்டாள். கோலாலம்பூரிலும் எந்த இனத்தவர் முன்மேசையில், யார் கணக்கில், யார் டெலிபோனில், யார் பியூன் என்று எழுதாத ஒரு வரிசை இருந்தது. ஆள் எடுக்கும் விண்ணப்பங்களை நான் பிரிக்கத் தொடங்கியபோதும் அது முழுதாகப் போய்விடவில்லை.

இயந்திரங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். 1969-ல் நடக்கும் ஒரு பகுதியில், எழுத்தாளர்கள் கூடிப் பேசும் அறையை இடித்துவிட்டு அங்கே ஐபிஎம் 360 கணினியை வைக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் கணினி வந்தபோது முதலில் காணாமல்போனது கார்பன் தாள். ஒரு கடிதத்துக்கு நான்கைந்து தாள், நடுவில் கார்பன் வைத்து உருளையில் சுற்ற வேண்டும். கடைசி நகலிலும் எழுத்துத் தெரிய விரலை ஓங்கி அடிக்க வேண்டும், ஒரு எழுத்துப் பிசகினால் ஒவ்வொரு நகலிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று லண்டன் வர்த்தகச் சபைத் தேர்வுகளை எழுதி வந்த பெண்களுக்கு இந்த விரல் வேலைதான் மரியாதையையும் கொடுத்தது, அதே இடத்தில் கட்டியும் வைத்தது. டைப் செய்யத் தெரியும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் வேறு எதுவும் தெரியும் என்று யாரும் நம்பமாட்டார்கள். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையாவும் மலாயாவில் ஓர் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஆபீஸ் வேலை பார்த்தவர் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

பினாங்கு நண்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க ஒன்று. நம் நாட்டில் வேலையிடக் கலாச்சாரம் ஒரே வீச்சில் மாறிய இடம் என்றால் கோலாலம்பூர் ஆபீஸ் எதுவும் இல்லை, பினாங்கின் பாயான் லெப்பாஸ்தான். 1972-ல் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கி, இன்டெல், எச்பி, ஏஎம்டி, ஹிட்டாச்சி, பாஷ் போன்ற கம்பெனிகள் வந்தபோது, கம்பத்திலிருந்தும் (மலாய்க் கிராமத்திலிருந்தும்) தோட்டத்திலிருந்தும் இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். அதற்கு முன்னால் லெபோ பந்தாய் வங்கிகளிலும் கப்பல் கம்பெனிகளிலும் மேனேஜரை நிமிர்ந்து பார்க்கவே பயந்த ஊர் அது. இவற்றில் அமெரிக்கக் கம்பெனிகளில் மேலதிகாரியைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், சுவரில்லாத கூடத்தில் எல்லோரும் உட்காரலாம். அங்கே வேலை செய்த என் உறவுக்காரப் பெண்கள் இதைச் சொன்னபோது கோலாலம்பூரில் நாங்கள் நம்பவில்லை. நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

ஆக, பெக்கி மாதிரி ஒருத்தி இங்கே வந்திருக்க முடியுமா? 1960-களில் ஒரு விளம்பர நிறுவனத்தில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நகரத்துப் பெண்ணுக்கு, மிகச் சிரமப்பட்டு, முடிந்திருக்கலாம். இது என் ஊகம். தமிழில் எழுதும் பெண்ணுக்கு முடியாது என்பதை உறுதியாகவே சொல்வேன், ஏனென்றால் நான் இருந்த காலத்திலேயே தமிழ் விளம்பரம் என்பது ஆங்கிலத்தில் முடிவானதைக் கடைசி நாளில் மாற்றி எழுதுவதாகத்தான் இருந்தது. ஏறுவதற்கு அங்கே படியே கிடையாது. அதோடு 1967-க்குப் பிறகு தேசிய மொழிச் சட்டம் வந்து, அரசாங்கத்தில் ஜுருதைப் (தட்டச்சர்), ஜுருதிரெங்காஸ் (சுருக்கெழுத்தர்) வேலைகளுக்கெல்லாம் மலாய் தேவைப்பட்டபோது, ஆங்கிலச் சுருக்கெழுத்தில் கெட்டியாக இருந்த பல பெண்கள் நடு வயதில் மறுபடி முதல் பாடத்திலிருந்து படித்தார்கள். பெக்கிக்கு அந்தச் சோதனை இல்லை. மாலை ஆறு மணிக்கு வேலை முடித்து, ஏழு மணிக்கு மலாய் வகுப்பில் போய் உட்கார்ந்த அந்தப் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி ஒரு தொடர் வந்தால் முதல் ஆளாக நான் பார்ப்பேன்.

‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அந்தக் காலத்திலேயே அது தவறு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1960-ல் ராசம்மா பூபாலன் சொன்னார், 1966-ல் தண்ணீர்ப் பையால் நனைந்தவர்கள் சொன்னார்கள். காலம் அப்படி இருந்தது என்று சொல்வது, அந்தக் காலத்தில் வசதியாக இருந்தவர்களை மட்டும் அந்தக் காலமாக எடுத்துக்கொள்வது.

கடைசியாக ஜோன். ஐந்தாம் பருவத்தில் ஜாகுவார் கார் விளம்பரத்தைப் பெறுவதற்காக அவளை ஒரு இரவுக்குக் கேட்கிறார்கள், அவள் 5 விழுக்காடு பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு சம்மதிக்கிறாள். அவள் செய்தது சரியா என்று உங்கள் கூட்டத்தில் வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பணியாளர் பிரிவில் இருந்தவளாக நான் முதலில் கேட்பது வேறு: அந்தப் பேச்சு ஆபீஸுக்குள் எப்படி ஒரு மேசை மீது வந்தது, பங்குதாரர்களில் யார் யார் அதை நடக்கவிட்டார்கள்? டிரேப்பர் ஒருவர்தான் வேண்டாம் என்கிறார், அதுவும் தாமதமாக அவளிடம் போய்ச் சேர்கிறது. பழியை அவள் தலையில் வைக்கும் விவாதம் அந்த நான்கைந்து ஆண்களைத் தப்பவிட்டுவிடுகிறது. அதே பகுதியில்தான் பெக்கி வேறு நிறுவனத்துக்கு 19,000 டாலர் சம்பளத்தில் தலைமை எழுத்தாளராகப் போகிறாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒருத்திக்கு வெளியே போக ஒரு கதவு திறந்திருந்தது, பிள்ளையோடு தனியாக நின்ற இன்னொருத்திக்கு அது இல்லை. ஏழாம் பருவத்தில் அதே ஜோன், புதிய கம்பெனியில் ஒரு மேலதிகாரி நெருங்கி வரும்போது, சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குப் போவேன் என்று கம்பெனித் தலைவரின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். 1970-ல் அவளுக்குச் சொல்ல அந்த ஒரு பெயராவது இருந்தது. அவளுக்கு வரவேண்டிய பங்குப் பணம் முழுதாகக் கிடைக்கவில்லை, பாதிதான் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறாள்.

நம் நாட்டில் அப்படிச் சொல்ல ஒரு பெயர் கிடைக்க வெகு காலம் ஆனது. 1999-ல் பாலியல் தொல்லைக்கு எதிராக வந்தது வெறும் நடைமுறை நெறி, விரும்பினால் கடைப்பிடிக்கலாம். 2016-ல் கூட்டரசு நீதிமன்றம் பாலியல் தொல்லைக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம் என்று தீர்ப்பளித்தது. தனிச் சட்டம் நிறைவேறியது 2022-ல். இப்போது வேலையில் இருக்கும் உங்கள் நண்பர்களில் யாருக்காவது இது தேவைப்பட்டால், தேதி, நேரம், சொன்ன சொல் எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மனிதவளப் பிரிவில் புகாரைக் கொடுக்கும்போது நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.